குண்டு இறங்க மறுத்தால்: வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்குச் சுடுதளத்திலேயே செய்யும் வைத்தியம்

எங்கள் சுடுதளத்தில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோடு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம். ஒன்பது மணி ஆவதற்குள் யாராவது ஒருவர், “அண்ணே, கம்பி இறங்கவில்லை” என்று கையைத் தூக்குவார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், “கேப் வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை” என்பார். கேப் என்பது அடித்தால் பொறி தரும் சின்னச் செம்பு மூடி. கோளாறுகள் வேறு வேறு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: எரிந்த மருந்தின் கசடு, அதைத் துடைக்கும்போது ஈரத்தில் வந்த அளவுப் பிழை. ஈரம் குறைந்தால் குண்டு நிற்கும். ஈரம் கூடினால் மருந்து பற்றாது. இந்த நடு அளவைக் கை பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கோளாறுகளுக்குள் போவதற்கு முன் சில விஷயங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அது கையோடு இருக்க வேண்டும். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு நாட்டுத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். குழலுக்குள் போவது கரிமருந்து மட்டுமே. புகையில்லாத நவீன மருந்து ஒரு சிட்டிகை கலந்தாலும் குழல் கிழியும். கண்ணாடி அணியாமல் குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) ஏற்ற வேண்டாம். எந்தக் கோளாறு வந்தாலும் குழல்வாய் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். “என்ன ஆயிற்று” என்று துப்பாக்கியைத் திருப்பி எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரோடு நான் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

இன்னொரு வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழல்வாய்க்கு நேரே கம்பியில் ஒரு கோடு கீறுங்கள். சுடுதளத்தில் வழக்கமான அளவு மருந்தும் குண்டும் போட்டு அழுத்திய பின் இரண்டாவது கோடு. கீழே நான் சொல்லும் பாதி விஷயங்களுக்கு இந்த இரண்டு கோடுகள்தான் சாட்சி.

மூன்று நான்கு முறை சுட்டதும் அடுத்த குண்டு இறுகுகிறது

அடிக்கடி வருவது இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். கரிமருந்து எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு வெண்புகையாக வெளியே போகிறது, மற்றது குழலில் படிகிறது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் எரிந்து மிஞ்சுபவை பெரும்பாலும் பொட்டாசியத்தின் உப்புகள். அழுகிய முட்டை நாற்றமும் அவற்றில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. உப்பு என்பதால் தண்ணீரில் கரையும். உப்பு என்பதாலேயே காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

கசடு குழல் முழுவதும் ஒரே சீராகப் படிவதில்லை. குண்டு அமரும் இடத்தை ஒட்டி வளையம் போல இறுகுகிறது. கம்பி முக்கால்வாசித் தூரம் வழுக்கிக்கொண்டு போகும். கடைசி மூன்று நான்கு விரற்கடையில் மணலில் இழுத்தது போல நறநறக்கும். அந்த நறநறப்பைக் கை உணர்ந்த அன்றே துடைக்க வேண்டும். “இன்னும் ஒரு குண்டு போகட்டும்” என்பவர்தான் அடுத்த குண்டைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

துடைக்கும் துணி பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது சூட்டில் உருகி ஒட்டும். எனக்குப் பிடித்தது காடாத்துணி. ஆனால் கடையிலிருந்து வந்த காடாவில் கஞ்சி இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, கையால் கசக்கிப் பார்த்தால் பழைய வேட்டி போல மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம்தான் கத்தரிக்கோல். இரண்டு அங்குலச் சதுரம் என் குழலுக்குப் போதும்.

ஒரு துண்டை நாவில் வைத்து நனையுங்கள், அல்லது தண்ணீரில் தோய்த்துப் பிழியுங்கள். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் விரல் ஈரமாக வேண்டும், சொட்டு விழக் கூடாது. அதுதான் அளவு. கம்பித் தலையில் மாட்டி, ஒரே மூச்சில் அடிவரை விட்டு, இரண்டு எண்ணும் நேரம் நிறுத்தி, வெளியே இழுங்கள். துணியைத் திருப்பி மாட்டி இன்னொரு முறை. பிறகு உலர்ந்த துண்டு ஒன்று, அதற்கும் இரண்டு பக்கம். அவ்வளவுதான். குழாய்க் கிணற்றுக் கைப்பிடியை அடிப்பது போல மேலும் கீழும் குத்தாதீர்கள். குத்தக் குத்தக் கரிச்சேறு எல்லாம் அடியில் சேர்ந்து, தீ வரும் சிறுதுளையை அடைத்துவிடும். துடைத்த பின் கேப் வெடித்தும் துப்பாக்கி வெடிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கம்பித் தலை குழலுக்குப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். மிக இறுக்கமான தலை கசடை முன்னே தள்ளிக்கொண்டே போகும். சற்றுத் தளர்வாகவும் வரிவரியாகவும் உள்ள பித்தளைத் தலை, போகும்போது கசடின் மேல் வழுக்கிப் போய், திரும்பும்போது துணி சுருண்டு அதை வாரிக்கொண்டு வரும். கடைசலில் கொடுத்துத் தலையை ஒரு மயிரிழை குறைத்துக்கொண்ட பிறகு எனக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

எத்தனை குண்டுக்கு ஒரு முறை துடைப்பது? காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடலூரில் அக்னி நட்சத்திர நாட்களில் மேல்காற்று அடிக்கும் முற்பகலில் கசடு ஓட்டாஞ்சில்லு போல இறுகும். அப்போது நான் ஒவ்வொரு குண்டுக்கும் துடைக்கிறேன். நண்பகலைத் தாண்டிக் கடல்காற்று ஏறியதும் அதே கசடு மை போல இளகும்; மூன்று குண்டுக்கு ஒரு முறை போதும். மார்கழிக் காலைப் பனியில் இன்னும் இளக்கம். ஆனால் இளகியிருக்கிறது என்று மகிழ வேண்டாம். கசடு இளகும் அதே ஈரத்தில் துருவும் ஓடி வருகிறது.

எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690 இல் மராத்தியரிடம் வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்ந்தே கை மாறின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தச் செய்தி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காலப் பீரங்கியும் வாய்வழி கெட்டிப்பதுதான். ஒரு குண்டு போனதும் நீண்ட கோலில் கட்டிய ஈரத் துடைப்பத்தை உள்ளே விட்டு எடுத்த பிறகே அடுத்த மருந்துப் பையைத் தள்ளுவார்கள். கசடை வார மட்டுமல்ல, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு அடுத்த மருந்தைப் பற்றவைத்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான். நம் கையிலுள்ள இரண்டு அங்குலத் துணியும் அதே இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதே காரணத்தால் மருந்தை டப்பாவிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள். அளவுக் குழாயில் எடுத்து, டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டுக் கொட்டுங்கள். உள்ளே ஒரு பொறி இருந்தால் பற்றுவது ஒரு அளவு மருந்தாக இருக்கட்டும், ஒரு டப்பா மருந்தாக வேண்டாம்.

குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவும் கொழுப்பிலும் கவனம் வேண்டும். மோட்டார் எண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலிய வழிப் பொருட்கள் கரிமருந்துக் கசடோடு சேர்ந்தால் தார் போலக் கெட்டியாகிவிடும். தண்ணீரும் அதைக் கரைக்காது. தாவரக் கொழுப்பு, விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு ஆகியவை கசடை இளக்கமாக வைத்திருக்கும். தேன்மெழுகு ஒரு பங்கு, ஆட்டுக் கொழுப்பு மூன்று பங்கு என்று உருக்கி வைத்துக்கொள்கிறேன்; கோடையில் மெழுகைக் கூட்டுவேன், இல்லாவிட்டால் டப்பாவிலேயே ஓடிவிடும். கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு மெழுகோடு விளக்கெண்ணெய் சேர்த்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது. இந்தத் தடவும் பொருள் சின்ன விஷயம் இல்லை. 1857 இல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவின் காகிதத்தில் தடவியிருந்தது பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற கேள்வி சிப்பாய்களிடையே எழுந்துதான் பெரும் கிளர்ச்சிக்குத் திரி கிள்ளியது. அந்தக் கொழுப்பு அங்கே இருந்ததற்குக் காரணமும் இதே கசடுதான்.

குண்டு பாதியில் நின்றேவிட்டது

கம்பியில் கீறிய இரண்டாவது கோடு குழல்வாய்க்கு மேலே தெரிகிறது, அழுத்தினாலும் இறங்கவில்லை. இப்போது செய்யக் கூடாத ஒன்று: “சுட்டுவிட்டால் போய்விடும்” என்று குதிரையை ஏற்றுவது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் அழுத்தம் குண்டின் அடியில் ஒரே இடத்தில் முட்டும். அங்கே குழல் வீங்கும், அல்லது பிளக்கும். ஒரு நண்பரின் குழலில் இப்படி வந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளியே கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலை மெதுவாக ஓட்டினால் பாம்பு இரை விழுங்கியது போல ஓரிடத்தில் புடைப்பு. அந்தக் குழல் அதற்குப் பிறகு சுவரில்தான் இருக்கிறது.

கேப் உட்காரும் துளையுள்ள முளையான நிப்பிளில் கேப் இல்லை என்பதை முதலில் பாருங்கள். பிறகு குழல்வாய் வழியே அரைக் கரண்டித் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். கசடு இளகியதும் கம்பியைக் குழல்வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சிறு சிறு தள்ளாகத் தள்ளுங்கள். உயரப் பிடித்து ஊன்றினால் மரக் கம்பி வளைந்து முறியும். முறிந்த நுனி உள்ளங்கையைத் துளைத்துப் போகும். உடலையும் முகத்தையும் குழல்வாய்க்கு நேரே வைக்காதீர்கள். கோடு வரை இறங்கிவிட்டாலும், தண்ணீர் உள்ளே போய்விட்டதால் அந்த மருந்தை நம்பிச் சுட வேண்டாம். வெளியே எடுத்துவிடுவதுதான் சரி.

எடுப்பதற்குத் திருகு முனை இருக்கிறது. நிப்பிள் துளை வழியாகவும் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக நனைத்துவிட்டு, கம்பியின் முனையில் திருகை மாட்டி, ஈயக்குண்டில் நடுவாக ஏறும்படி திருகி, நேராக இழுங்கள். குழல்வாயில் பித்தளை வளையம் ஒன்று வைத்தால் திருகு நடுவிலேயே நிற்கும், குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிகளான புரிகளிலும் கீறல் விழாது. குண்டு வந்த பின் நனைந்த மருந்தைக் கழுவிக் கொட்டிவிடுங்கள். நனைந்த மருந்து செத்த மருந்து என்று நினைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள். குழலில் மிஞ்சியது காய்ந்தால் மறுபடியும் எரியக்கூடும்.

காற்றழுத்தக் குப்பி வைத்து நிப்பிள் வழியே குண்டை வெளியே தள்ளும் கருவியும் உண்டு. எங்கள் தளத்தில் ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தும்போது குண்டு வேகமாகவே பறக்கும். சுடுவதற்கு உள்ள அத்தனை விதிகளும் அதற்கும் பொருந்தும்.

துடைத்த துணி வெளியே வரவில்லை

உலர்ந்த துணியைக் கசடு நிறைந்த குழலில் விட்டால் கம்பித் தலையோடு சிக்கும். இழுத்துப் போராட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொறுத்தால் தானே விடும். துணி மட்டும் கழன்று அடியில் தங்கிவிட்டால் சுருள் கம்பி முனையால் கோத்து எடுங்கள். துணி உள்ளே இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு மருந்து போடாதீர்கள். முதல் கோடு குழல்வாய்க்கு நேராக வருகிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

கேப் வெடிக்கிறது, துப்பாக்கி வெடிக்கவில்லை

குதிரை விழுந்து “டப்” என்ற சத்தம் மட்டும் கேட்டால், துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்து, நிதானமாக அறுபது எண்ணுங்கள். சில சமயம் பொறி உள்ளே உறங்கிக்கொண்டிருந்து, பத்து நொடி கழித்தும் வெடிக்கும். தோளிலிருந்து இறக்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்பும் அந்த நேரம்தான் ஆபத்து. புதிதாக வருகிறவர்களிடம் நான் வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன். மனதுக்குள் எண்ணினால் அறுபது இருபதாகிவிடுகிறது.

அறுபது முடிந்ததும் புதுக் கேப் வைத்து மறுபடி. அதற்கும் பற்றாவிட்டால் இன்னொரு அறுபது எண்ணிவிட்டு, வெடித்த கேப்பை எடுத்துப்போட்டு, நிப்பிள் துளையில் ஊசிக் கம்பியை விட்டு எடுங்கள். அதன் நுனியில் ஈரமான கரிச்சேறு ஒட்டி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது: ஈரம் கூடிய துணி. எண்ணெய்ப் பிசுபிசுப்பு வந்தால் நேற்றைய பராமரிப்பு எண்ணெயைத் துடைக்காமலே வந்திருக்கிறீர்கள். நிப்பிளைக் கழற்றி, அடியில் தெரியும் வழியைச் சுத்தம் செய்து, நாலைந்து மணி மருந்தை உள்ளே தட்டிவிட்டு, நிப்பிளை மாட்டி, குண்டு அடியில்தான் இருக்கிறது என்று கம்பிக் கோட்டால் உறுதி செய்துகொண்டு சுட்டால் அநேகமாகப் போய்விடும். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கியவர்களுக்கும் இதுதான் வழி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கெட்டித்தால் இந்த மறதி யாருக்கும் வரும். ஆகவே கெட்டிக்கும்போது என்னிடம் யாரும் பேசினால் நான் பதில் சொல்வதில்லை.

இந்தக் கோளாறே வராமல் தடுக்க ஒரு வேலை இருக்கிறது. காலையில் முதல் மருந்து போடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். காலித் துப்பாக்கி என்று கம்பியால் உறுதி செய்து, உலர்ந்த துணியால் எண்ணெயை எடுத்துவிட்டு, நிப்பிளில் ஒரு கேப் வையுங்கள். சுடும் கோட்டில் நின்று, குழல்வாயைத் தரையில் முளைத்திருக்கும் ஒரு புல்லுக்கு அருகே, நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். குதிரை விழுந்ததும் புல் தலையாட்டினால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் இன்னொரு கேப். மூன்றாவதிலும் அசையவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றுங்கள். கேப்பின் சூடு எஞ்சிய எண்ணெயையும் எரித்துவிடும்.

கேப்பே வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடித்தால், முதல் அடி அதை நிப்பிளில் ஏற்றி உட்காரவைத்திருக்கிறது என்று பொருள். கேப் அளவு பொருந்தவில்லை, அல்லது நிப்பிளின் தலை நசுங்கித் தடித்திருக்கிறது. காலித் துப்பாக்கியில் குதிரையை அடித்து அடித்துப் பழகுகிறவர்களுக்கு இப்படி ஆகும். நிப்பிள் மலிவான பொருள், மாற்றிவிடுங்கள்.

சுட்டதும் குதிரை பின்னால் எகிறுகிறது, கேப் சில்லுகள் தெறிக்கின்றன

நிப்பிளின் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது. குழலுக்குள் இருக்கும் அழுத்தம் அதன் வழியே பின்னோக்கி வருகிறது. இதற்குத் துடைப்பு வைத்தியம் இல்லை. அன்றைக்குச் சுடுவதை நிறுத்தி, நிப்பிளை மாற்றிய பின் வாருங்கள். தெறித்த செம்புச் சில்லு குதிரைக்கும் பூட்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும், அதையும் எடுங்கள்.

தீக்கல் துப்பாக்கியில் பொறி வருகிறது, மருந்து பிடிக்கவில்லை

எங்களிடம் ஒரே ஒருவர்தான் தீக்கல் வைத்துச் சுடுகிறார். கடல்காற்று ஏறிய பிறகு அவருடைய மருந்துக் கிண்ணத்தில் மிஞ்சிய கசடு ஐந்து நிமிடத்தில் கறுப்புக் கஞ்சியாகிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் கிண்ணம், எஃகுத் தகடு, கல்லின் விளிம்பு மூன்றையும் உலர்ந்த துணியால் துடைப்பது அவர் வழக்கம். கிண்ணத்தில் மருந்தை முன்கூட்டியே போட்டு வைக்காமல் சுடும் நேரத்தில்தான் போடுகிறார்.

முதல் ஐந்து குண்டுகள் ஒன்றாக விழுந்தன, பிறகு சிதறல்

கண்ணையும் தோளையும் குறை சொல்வதற்கு முன், குண்டைச் சுற்றிச் சுட்ட துணிகளைப் பொறுக்குங்கள். சுடுதள அதிகாரி போகலாம் என்று சொன்ன பிறகு, கோட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து தப்படிக்குள் அவை கிடக்கும். விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல துணி நடுவில் வெளிர் பழுப்பாகவும், சுற்றிலும் புரிகளின் அச்சோடு கறுப்பு வளையமாகவும், ஓரம் கொஞ்சம் பிசிறாகவும் இருக்கும். கிட்டத்தட்ட இன்னொரு முறை பயன்படுத்தலாம் போலத் தோன்றும். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது கொழுப்பு போதவில்லை. ஒரே மாதிரி இடைவெளியில் கத்தியால் வெட்டியது போல இருந்தால் புரிகளின் விளிம்போ குழல்வாயோ கூராக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம். சுடச் சுட மழுங்கும்.

துணி நன்றாகவே இருந்தும் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால், நீங்கள் ஒரே அழுத்தத்தில் கெட்டிக்கவில்லை, அல்லது துடைப்பில் ஒழுங்கு இல்லை. மூன்று குண்டுக்கு ஒரு முறை என்றால் கடைசி வரை மூன்றுக்கு ஒரு முறையே துடையுங்கள். நடுவில் மாற்றினால் ஒவ்வொரு குண்டும் வேறொரு குழலில் சுட்டது போலத்தான்.

பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே 1849 இல் கொண்டுவந்த, அடிப்பக்கம் குடைந்த நீள் குண்டைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் துணிச் சான்று கிடைக்காது. அந்தக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. கசடு இருந்தாலும் தாராளமாக இறங்கும். சுட்டதும் அடிப் பாவாடை விரிந்து புரிகளைப் பிடிக்கும். தாராளமாக இறங்குவதாலேயே ஆட்கள் துடைக்க மறக்கிறார்கள். பத்துக் குண்டுக்கு ஒரு முறையாவது ஈரத்துணி விடுங்கள்.

ஈயத்தைத் தொட்ட கையோடு இடைவேளை வடையை எடுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

மறுநாள் விட்ட வெள்ளைத் துணி காவி நிறத்தில் வருகிறது

கடலோர ஊர்க்காரர்களாகிய நமக்கு இதுதான் பெரிய எதிரி. சுட்ட அன்றே கழுவ வேண்டும். “நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்” என்பது இங்கே செல்லாது. மதுரையில் ஓர் இரவு தாங்கும் குழல் தேவனாம்பட்டினத்தில் தாங்காது.

என்ன தண்ணீரில் கழுவுவது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. கசடின் உப்பைக் கழுவப் போய்ப் புது உப்பைப் பூசிக்கொண்டு வருகிறோம். நானும் வெகு நாள் அப்படித்தான் செய்தேன். நன்றாகக் கழுவியும் துரு வருகிறதே என்று புரியாமல் விழித்தேன். இப்போது குடிநீர்க் கேன் தண்ணீர்தான், மழைக்காலமாக இருந்தால் பிடித்து வைத்த மழைநீர். ஒரு குழலுக்கு மூன்று லிட்டர் தாராளம்.

குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, நிப்பிளைக் கழற்றி, அடிப்பகுதியை ஒரு வாளியில் நிறுத்துங்கள். வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். அது சட்டென்று ஆவியாகும்போதே மெல்லிய துருவை வரவழைத்துவிடும். ஈரத்துணி மாட்டிய கம்பியை மேலே இழுத்தால் தண்ணீர் உள்ளே ஏறும், கீழே தள்ளினால் கறுப்பாகப் பீய்ச்சும். சுடுதளத்தில் கூடாது என்று சொன்ன குத்தலை இங்கே தாராளமாகச் செய்யலாம். தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். மூன்றாவது தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், அழுகிய முட்டை நாற்றம் போயிருக்க வேண்டும். மூக்கு நல்ல பரிசோதகர்.

பிறகு உலர்ந்த துணிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஈரமே ஒட்டாத வரை. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை விரட்ட டபிள்யூடி-40 கொஞ்சம் அடித்துத் துடைக்கலாம். ஆனால் அதையே காப்பு எண்ணெய் என்று நம்ப வேண்டாம். அதற்கு மேல் துப்பாக்கி எண்ணெய் தடவிய துணி ஒன்று. இந்த இடத்தில் பெட்ரோலிய எண்ணெய் கூடும். வைத்துக் காப்பதற்கு அது நல்லது. சுடும் முன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நல்லெண்ணெயைத் தடவி வைத்தால் நாளடைவில் பிசினாகும். சமையலறை எண்ணெயைக் கொழுப்புக் கலவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணி விடுங்கள். வெளிர் சாம்பல் நிறம் வந்தால் சரி. காவி வந்தால் பயப்பட வேண்டாம், அது மேலோட்டமான துருதான். மறுபடி துடைத்து எண்ணெய் தடவி, மூன்றாம் நாளும் பாருங்கள். மூன்றாம் நாளும் காவியே வந்தால் உள்ளே உப்பு மிஞ்சியிருக்கிறது. மறுபடி வாளி.

நிப்பிள் கழலவில்லை

சாவியைப் பலம் கொண்ட மட்டும் திருகாதீர்கள், முனை மழுங்கிப் பிடிமானம் போய்விடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். கழன்ற பின் மரையில் கொஞ்சம் கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை இந்தச் சண்டை இல்லை.

கார்த்திகை மழையில் கம்பி கட்டையோடு இறுகிப்போனது

மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபின் வந்த அந்த வாரம் முழுவதும் வீட்டுச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. என் மரக் கம்பி தன் வளையங்களில் இறுகிக்கொண்டது. அடுப்புப் பக்கம் வைத்துச் சூடேற்ற வேண்டாம், கட்டை வெடிக்கும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைத்தேன், தானே இளகியது. பிறகு கம்பியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி வைத்தேன். துணி உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ மழைக்காலத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைக்காதீர்கள்; அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தேர்தல் முடிந்து திரும்பி வந்த துப்பாக்கி

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். 2024 இல் மார்ச் மாதம் கொடுத்தது ஜூனில்தான் கைக்கு வந்தது. கொடுக்கும் அவசரத்தில் நான் வழக்கமான மெல்லிய எண்ணெயோடு நிறுத்திவிட்டேன். அது கோடையின் கடல்காற்றை மூன்று மாதம் தாங்கவில்லை. குழல்வாயிலிருந்து ஒரு விரல் ஆழத்துக்கு மிளகு தெளித்தது போலத் துருப் புள்ளிகள். வெண்கலத் தூரிகையும் எண்ணெயுமாக ஒரு மாலை முழுவதும் வேலை வாங்கியது. புள்ளிகள் போயின, இரண்டு இடத்தில் குழி நின்றுவிட்டது.

இப்போது ஒப்படைப்பதற்கு முன் வாளிக் கழுவல், மூன்று நாள் துணிச் சோதனை, பிறகு கெட்டியான காப்பு எண்ணெய் உள்ளும் புறமும். விசைக் காப்பில் ஓர் அட்டையை நூலால் கட்டுகிறேன்: “மருந்து இல்லை. உள்ளே எண்ணெய் இருக்கிறது. துடைக்காமல் சுடக் கூடாது.” திரும்பி வந்ததும் அந்த அட்டையைப் படித்துவிட்டுத்தான் நூலை அறுக்கிறேன். முதலில் கம்பியை விட்டு முதல் கோட்டைப் பார்க்கிறேன். மூன்று மாதம் என் கண்ணில் படாத துப்பாக்கி அது. பிறகு எண்ணெய் ஒட்டாத வரை உலர்ந்த துணிகள், நிப்பிளைக் கழற்றி ஊசிக் கம்பி, சுடுதளத்தில் ஒரு கேப், எதிரே ஒரு புல். அது தலையாட்டிய பிறகு மருந்தை அளக்கிறேன்.